கரைந்துபோன தவளக்குப்பம்

"தவளக்குப்பம் மொத்தமா கரைஞ்சி போச்சு மேடம்!" என்று என் முதலாளியின் ஸ்பீக்கர் போனில் ஒரு பெண் அழுதபோது, நான் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன். பொட்டு மேகம் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்புறம்தான் விளங்கியது, கரைந்தது ஊர் அல்ல, ஊரின் படம்.

என் பெயர் அன்புராஜ். வில்லியனூரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையின் மாடியில் இயங்கும் 'நூருன்னிசா துப்பறியும் நிலையம்' என்ற மாபெரும் நிறுவனத்தின் மொத்த ஊழியர் படையும் நான்தான். முதலாளி நூருன்னிசா மேடம். பதினாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைப் பார்வையிட்டவர். கடை தானாக எரிந்ததா, முதலாளியே கொளுத்தினாரா என்று மோப்பம் பிடிப்பது வேலை. எரிந்தது சரக்கா, சரக்கை முந்தின நாளே கடத்திவிட்டு வைத்த காலிப் பெட்டியா என்று சாம்பலைக் கிளறியே சொல்லிவிடுவார். அந்தப் பதினாறு வருடத்தில் மனிதர்கள் மீது அவருக்கு இருந்த நம்பிக்கையும் சேர்ந்து எரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு ஸ்கூட்டரும் நானும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாகூரில் இருந்தோம். போன் செய்த அருள்மொழி வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"என் தங்கச்சி செல்வகுமாரி நாப்பத்தியோரு நாளு வரைஞ்சா மேடம். பால் பாயிண்ட்டு பேனாவுல. தவளக்குப்பம் ஜங்ஷன், சாயந்திரம் ஆறு மணி டிராபிக்கு. இருநூத்திப் பதினாலு டூவீலரு. ஒவ்வொண்ணுக்கும் நெம்பர் பிளேட்டு!"

"ஹெல்மெட்டு?" என்றேன்.

"பதினோரு பேரு போட்டிருந்தாங்க."

யதார்த்தவாதி என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பூரணாங்குப்பம் பக்கம் கடலோரமாகப் புதிதாக ஒரு ரிசார்ட் திறக்கிறார்கள். வரவேற்புக் கூடத்துக்கு ஒரு பெரிய படம், நாற்பது அறைக்கு நாற்பது சின்னப் படம், எல்லாம் பேனாவில் வரைந்தது வேண்டுமாம். ஒரே ஓவியருக்கு ஒரு வருஷ வேலை. செல்வகுமாரி உரக்கடையில் பில் போடுகிறவள். முடிந்திருந்த மேல் பாதியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாள். கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாகத் தேர்வானாள். அசல் படத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. செல்வகுமாரி மறுபடியும் யூரியா மூட்டைக்கு பில் போடலாம், ஆயுள் முழுக்க.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, மேசையோரத்தில் ஸ்டாண்டில் இருந்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேனின் குழாய் திறந்துகொண்டு, படத்தின் மேல் மொத்தத் தண்ணீரும் கொட்டிவிட்டது.

"தானா தெறந்துக்குமா மேடம்? யாரோ வேணும்னே தெறந்து வுட்டிருக்காங்க" என்றாள் அருள்மொழி.

"சந்தேகம் யார் மேல?"

"டேனியல் சாரு. அரியாங்குப்பம். இவ கூட ஞாயித்துக்கெழமை பேனாவுல படம் வரையற குரூப்புல இருக்காரு. அவருதான் அந்த இன்னோரு ஆளு. இங்க் பேனாவத் தவிர வேற எதையும் தொட மாட்டாரு. பால் பாயிண்ட்டுல படம் வரையறது மளிகைச் சீட்டு எழுதற மாதிரின்னு வாட்ஸப்புல போட்டிருந்தாரு." உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "இன்னொருத்தர் மேலயும் சந்தேகம் இருக்குது. இப்ப வாணாம். அப்பால சொல்றன்."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவரு பேரு பலராமன். அந்த ரிசார்ட்டுலதான் ரிசப்ஷன் மேனேஜரு. படம் போச்சுன்னதும் 'வுடு, பேனா கிறுக்கல்தானே'ன்னு சொல்லிட்டு டூட்டிக்குப் போய்ட்டாரு."

குடும்பத்தில் கலைக்கு எப்பேர்ப்பட்ட ஆதரவு!

செல்வகுமாரி உள்ளறையில் இருந்தாள். இருபத்தாறு வயது, வலது கை நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், அதுவும் பில்லில் எழுதுகிற அளவுக்குச் சுருக்கமாக. வேலை போகப்போகிறவள் குமுறி அழ வேண்டாமா? இவள் பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

கரைந்த படம் ஒரு கொடியில் தொங்கியது. இரண்டடிக்கு மூன்றடித் தாள். நீலக் குளம் ஒன்று, அதில் ஆங்காங்கே ஒரு சக்கரம், ஒரு ஹேண்டில்பார். பாகூர் ஏரி நிறைந்து தவளக்குப்பத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. மேடம் அதன் முன்பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்தைத் தடவினார். தடவியபடியே கேட்டார்.

"எத்தனை பேனா ஆச்சு?"

"ஒம்பது ரீஃபில்."

"அழுத்தித்தான் வரைவீங்க?"

"நீல பால் பாயிண்ட்டுல கருப்பா நெழல் வரணும்னா அழுத்தித்தான் ஆவணும்."

நான் என் பங்குக்குத் துப்பறிந்தேன். சுவரில் ஒரு போட்டோ பிரிண்ட் ஒட்டியிருந்தது. ஜவுளிக்கடை மாடியிலிருந்து எடுத்த தவளக்குப்பம். படம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடு கிழித்திருந்தாள். பக்கத்திலேயே ஓர் அட்டை, அதன் நடுவில் ஒரே ஒரு கட்டம் அளவுக்கு ஓட்டை.

"இது இன்னா ஜன்னலு?" என்றேன். வரைகிற முறையைக் கேட்டதும்தான் அவள் வாய் திறந்தது.

"ஒரு நேரத்துல ஒரு கட்டந்தான் பாப்பன். மத்ததெல்லாம் அட்டை மறைச்சிரும். வரைஞ்சி முடிச்ச எடத்தையும் கை பட்டுத் தீத்திக்கக் கூடாதுன்னு பேப்பர் போட்டு மூடிருவன். முழுசாப் பாத்தா மனசு இது மூக்கு, இது கண்ணுன்னு சொல்லிக் குடுக்கும். கை அதக் கேட்டுத் தப்பாப் போட்டுரும். துண்டாப் பாத்தா வெறும் கோடுதான்."

"அப்ப முழுப் படத்த எப்பதான் பாப்பீங்க?"

"கடைசி நாளு" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மியது.

போட்டோவின் கீழ் வலது மூலை கிழிந்திருந்தது. உள்ளங்கை அளவுக்குக் காணோம்.

"இது?"

"எலி."

"போன்ல இருக்குமே?"

"டெலீட் ஆயிடுச்சி."

எலிக்கும் போனுக்கும் ஒரே நேரத்தில் பசி எடுத்திருக்கிறது. நான் தலையாட்டிவிட்டு, அருள்மொழி கொடுத்த டீ கிளாஸை மேசையில் வைத்தேன். மேசையில் புதிதாக ஒரு வெள்ளைத் தாள் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டியிருந்தது.

"அய்யய்யோ! அங்க வெக்காதீங்க!"

செல்வகுமாரி பாய்ந்து வந்து கிளாஸைப் பிடுங்கினாள். பாதி டீ என் சட்டையில் கொட்டியது. யாரும் கேட்காமல் அன்று அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மேடம் என் சட்டையைப் பார்க்கவில்லை. அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார்.

தெருமுனை டீக்கடையில் எனக்கு இரண்டாவது டீ வந்தது. நான் வாய் வைப்பதற்குள் மேடம் கை நீட்டினார்.

"உன் பேனாவக் குடு."

என் சட்டைப்பையில் இருந்த பால் பாயிண்டை வாங்கி, பெட்ரோல் பில்லின் பின்னால் நாலு கோடு கிழித்தார். பில்லை அப்படியே என் டீக்குள் முக்கினார்.

"மேடம்! சம்பளந்தான் லேட்டு, டீயாவது குடிக்க வுடுங்க."

"கோடு கரையுதா பாரு."

பில் ஊறிப் பழுப்பானது. கோடு நாலும் கல்லுமாதிரி அப்படியே நின்றன.

"பால் பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை. தண்ணியில கரையாது. ஸ்பிரிட்டு, சானிடைசர் ஊத்தினா கரையும். கேன் தண்ணியில போட்டா தாளு சுருங்கும், படம் அப்படியே இருக்கும். அங்க தொங்கறது இன்னா?"

"நீலக் கொழம்பு."

"இன்னொண்ணு. ஒம்பது ரீஃபில் அழுத்தித் தேய்ச்ச தாளோட முதுகு, அரிசி கொட்டின பாய் மாதிரி கையில நெருடணும். நனைஞ்சாலும் கொஞ்சமாவது நெருடும். அது வழவழன்னு இருக்குது. அது செல்வகுமாரியோட படமே இல்ல, அன்பு. யாரோ இங்க் பேனாவுல ஒரு காப்பி வரைஞ்சி, அதத் தண்ணியில போட்டிருக்காங்க. காலிப் பெட்டிய எரிச்சிட்டு சரக்கக் கடத்தற அதே வித்தை."

"காப்பி நல்லா இருக்கணுமே?"

"எதுக்கு? மிச்சத்த தண்ணி பாத்துக்கும். சக்கரம் சக்கரமா இருந்தாப் போதும்."

"அப்ப ஒரிஜினலு?"

"உசுரோட இருக்குது. அஞ்சு மணிக்குள்ள புடிக்கணும்."

இங்க் பேனா. காப்பி. போட்டி. மூன்று அம்பும் அரியாங்குப்பத்தைக் காட்டின. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன். குற்றவாளி யார் என்று வழியெல்லாம் மேடத்துக்கு விளக்கிக்கொண்டே போனேன். தவளக்குப்பம் சந்திப்பில் நெரிசலில் மாட்டிக் கால்மணி நேரம் நின்றபோது சுற்றிலும் எண்ணிப் பார்த்தேன். ஹெல்மெட் பன்னிரண்டு. அதில் ஒன்று என்னுடையது, இன்னொன்று மேடத்துடையது.

டேனியல் சார் ஓய்வுபெற்ற குமாஸ்தா. நகராட்சியை இன்னும் 'மேரி' என்று பிரெஞ்சு காலத்துப் பெயரால் சொல்கிற பழைய ஆள். அவர் பேனாக்களை வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் நகைக்கடைக்காரர்களே பாடம் படிக்கலாம். வெல்வெட் விரித்த பெட்டியில் நாற்பத்தேழு பேனா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம். அவருக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"உக்காருங்க. ஆனா பேனாவத் தொடாதீங்க. ஒருத்தர் கை பழகின நிப்புல இன்னொருத்தர் எழுதினா நிப்பு கெட்டுப் போயிடும். நான் என் சம்சாரத்துக்கே குடுத்ததில்ல."

"அவங்க எங்க சார்?"

"பையன் வூட்டுல இருக்கா. நாலு வருஷமா."

பேனா பத்திரமாக இருக்கிறதே, அது போதாதா!

மேடம் நேராகக் கேட்டார். "செல்வகுமாரி படம் கரைஞ்சது தெரியுமா?"

"தெரியும். வருத்தந்தான்." முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், அவர் எடுத்து வைக்கவில்லை. "ஆனா நான் அப்பவே சொன்னன். பால் பாயிண்ட்டு ஒரு கோட்டுக்கு ஒரே கனம்தான் குடுக்கும். நடுவுல கொழகொழன்னு கட்டி வேற வுடும். இங்க் பேனா அப்படியா? மெல்லத் தொட்டா முடி, சாச்சிப் புடிச்சா கயிறு. அந்தப் பொண்ணுக்கு நல்ல கை. கருவிதான் தப்பு."

அவருடைய படம் மேசையில் இருந்தது. தோணிகள், உலரும் வலை, ஒரு நாய். நன்றாகவே இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதினெட்டு மாத அனுபவத்தில் அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். எனக்கு வைத்த தண்ணீர் டம்ளரை எடுத்தேன், தும்மினேன், டம்ளர் கவிழ்ந்தது. தோணி, வலை, நாய் எல்லாவற்றின் மீதும் தண்ணீர்.

அலறுவார், படம் கரையும், இதே மைதான் அங்கேயும் என்று நிரூபித்துவிடலாம் என்பது திட்டம். டேனியல் சார் அலறவில்லை. கைக்குட்டையை எடுத்து நிதானமாக ஒற்றினார். தோணி அப்படியே நின்றது. நாய் வால் முடிகூடக் கலையவில்லை.

"வாட்டர்ப்ரூஃப் மை தம்பி" என்றார், பரம திருப்தியோடு. "மழையில நின்னு வரையறவன் நானு. காஞ்சிட்டா ஊறப் போட்டாலும் அசையாது. இந்த வூட்டுல இருக்கற பதினெட்டு பாட்டிலும் அதேதான். பின்ன, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஊத்தற நீல மையவா நான் தொடுவன்? அது ஒரு சொட்டு வேர்வை பட்டா ஓடிப் போயிடும்."

என் மூன்று அம்பும் முறிந்து காலடியில் விழுந்தன. தண்ணீரில் கரைகிற மை இந்த மனிதர் வீட்டிலேயே இல்லை. அவருடைய அகம்பாவம் அவரைக் காப்பாற்றிவிட்டது. இதற்கு முன் அகம்பாவம் யாரையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

"நீல மை ஒரு பாட்டில்கூட இல்லியா சார்?" என்றார் மேடம்.

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. பேரன் வுட்டுட்டுப் போனது. அதக் குடுத்துட்டன்." டேனியல் சாரின் முகம் திடீரென்று மலர்ந்தது. "ஒரு நல்ல விஷயம் சொல்றன், வெளிய சொல்லாதீங்க. பால் பாயிண்ட்ட வுட்டுட்டு அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் வரப்போவுது."

"எந்தப் பொண்ணு?"

"செல்வகுமாரிதான்! ரெண்டு வாரத்துக்கு முன்ன இதே நாற்காலியில வந்து உக்காந்தா. 'சாரு, இங்க் பேனாவுல வரைஞ்சி பாக்கணும்'னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. நாப்பத்தெட்டாவது பேனாவ எடுத்துக் குடுத்தன். என் சம்சாரத்துக்குக் குடுக்காததக் குடுத்தன்!"

"மை என்ன கேட்டா?"

"தண்ணி பட்டா சீக்கிரமா கரையற மை எது சாருன்னு கேட்டா."

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏன்னு கேக்கலியா?"

"இதுல கேக்க இன்னா இருக்குது? கோடு போட்டுட்டு ஈர பிரஷ்ஷால இழுத்தா நெழல் வரும். அழகா இருக்கும். அதுக்குத்தான் கேக்கறான்னு நெனச்சன். குரூப்புல நான் எப்ப அறிவிக்கட்டும்?"

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் மேடம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

திரும்பும் வழியில் நான் வாயைத் திறக்கவில்லை. குற்றவாளியை விளக்கிச் சொன்னவன் எந்த முகத்தோடு பேசுவது?

கடைசியில் மேடமே ஆரம்பித்தார். "பால் பாயிண்ட் கரையாதுன்னு யாருக்கு நல்லாத் தெரியும், அன்பு?"

"பால் பாயிண்ட்டுல வரையறவங்களுக்கு."

"அவளால அந்தப் படத்தத் தண்ணியில கரைக்க முடியாது. அதனால கரையற மாதிரி இன்னொண்ணு வரைஞ்சா. நமக்கு வேல குடுத்தது அக்கா. ஒளிச்சது தங்கச்சி."

"ஏன் மேடம்? அவளுக்குத்தான வேல கெடைக்கும்? தன் வாயில தானே யாராவது மண்ண அள்ளிப் போட்டுப்பாங்களா?"

"அதத்தான் கேக்கப் போறோம்."

பாகூர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். அருள்மொழி சமையலறையில் இருந்தாள். நாங்கள் நேராக உள்ளறைக்குப் போனோம். மேடம் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மேசையில் விரித்திருந்த வெள்ளைத் தாளுக்கு மேலே மெல்லச் சாய்த்தார்.

செல்வகுமாரி இரண்டு கையாலும் தாளை மறைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"வெறும் வெள்ளத் தாளு. அதுவும் பால் பாயிண்ட் கரையாதுன்னு உனக்கே தெரியும்" என்றார் மேடம். "இருந்தும் மனசு கேக்கல, இல்ல?"

அவள் குமுறி அழுதாள். காலையில் நான் எதிர்பார்த்த அழுகை இப்போதுதான் வந்தது. மேடம் தாளின் மேல் விரலை ஓட்டினார், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு டேப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாளைத் திருப்பிப் போட்டார்.

நான் கிண்டல் பேசியே பிழைப்பு நடத்துபவன். அந்தப் படத்தின் முன்னால் எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. தவளக்குப்பம் மாலை ஆறு மணிக்கு அப்படியே நின்றது. பஸ் படிக்கட்டில் தொங்குகிறவனின் கட்டைவிரல் நகம், பூக்கடைக்காரியின் கொட்டாவி, முன் சக்கரத்தை நுழைத்துவிட்டு வழி கேட்கும் ஒருவனின் திமிர். எல்லாம் பத்து ரூபாய்ப் பேனாவில்.

"எங்க இருக்குது?" என்றார் மேடம். "எலி தின்ன மூலைதான?"

செல்வகுமாரி கீழ் வலது மூலையைக் காட்டினாள். ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டுகிற ஆளுக்கு நறுக்கிய மீசை. பின்னால் ஒரு பெண். அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவன் தோளில் கன்னத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அருள்மொழி அல்ல.

"பலராமன் மாமா" என்றாள் செல்வகுமாரி. "நாலு கட்டத்துல நாலு துண்டா வந்தாரு. ஒண்ணுல மீசை, ஒண்ணுல காது. எனக்குக் கோடாத்தான் தெரிஞ்சிது. நாப்பத்தியோராவது நாளு மூடின பேப்பர எடுத்தன். பாத்தா மாமா! என் கையாலயே வரைஞ்சிருக்கன். நெம்பர் பிளேட்டு வேற போட்டு வெச்சிருக்கன்."

"மேல கோடு போட்டு மறைச்சிருக்கலாமே?" என்றேன்.

"பால் பாயிண்ட்டுல கோட்டு மேல கோடு போட்டா அந்த எடம் மட்டும் பளபளன்னு மின்னும். எல்லாருக்கும் அதுதான் மொதல்ல தெரியும்."

"பின்னாடி இருக்கற பொண்ணுக்கு ஒரு ஹெல்மெட்டு மாட்டியிருந்தா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தவளக்குப்பத்துல பின்னாடி உக்காந்திருக்கறவ ஹெல்மெட்டு போட்டிருந்தா யாருண்ணே நம்புவாங்க?"

நியாயம்.

"அந்த ரிசார்ட்டு ஹால்ல மாட்டுவாங்க. ஊரே பாக்கும். எங்க அக்கா பாக்கும். அதான் எனக்கு அம்மா மாதிரி இருந்து வளத்துச்சு, மேடம். வேல போனாப் போவுது, நான் பில்லு போட்டுப் பொழைச்சிப்பன். அக்காவோட வாழ்க்கைய என் பேனா கெடுத்துச்சுன்னு ஆவக் கூடாது. கிழிச்சிப் போடலாம்னும் பாத்தன், கை வரல. சொல்லிடாதீங்க மேடம், உங்களக் கெஞ்சிக் கேக்கறன்."

மேடம் எரிந்த கடைக்காரர்களிடம் இரக்கமே காட்டாதவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது அவர் முகத்தைப் பார்த்தால் அது பொய் என்று தோன்றியது.

"எனக்கு வேல குடுத்தது உங்க அக்கா" என்றார். "நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா எதச் சொல்றது, எதச் சொல்லாம வுடறதுன்னு..."

"ஒண்ணும் சொல்ல வாணாம் மேடம்."

வாசல்படியில் அருள்மொழி. கையில் டீத் தட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். படத்தருகே வந்தாள். ஒரு விரலை நீட்டி, மோட்டார் சைக்கிள் மேல் வைத்தாள்.

செல்வகுமாரி முகத்தை மூடிக்கொண்டாள். மேடம் மட்டும் அந்த விரலையே பார்த்தார்.

"இருநூத்திப் பதினாலு வண்டி" என்றார் மெதுவாக. "நீங்க தேடவே இல்லியே, அருள்மொழி."

"எதுக்குத் தேடணும்? இவ வரைஞ்சி முடிச்ச அன்னிக்கே பாத்துட்டன். இவ குளிக்கப் போயிருந்தா. படம் தெறந்து கெடந்துச்சு." விரலை எடுக்கவில்லை. "மூணு வருஷமா சந்தேகம். கேட்டா, 'உனக்குப் பைத்தியம்'னுவாரு. எங்க மாமியாரும் அதேதான் சொல்லுவாங்க. நானே எனக்குப் பைத்தியந்தான்னு நம்ப ஆரம்பிச்சிட்டன். இந்தப் படத்தப் பாத்ததும் தலையில இருந்து ஒரு மூட்டைய எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. நான் பைத்தியம் இல்ல."

"அக்கா..."

"நீ இரு குமாரி. படம் கரைஞ்சதும் அவருதான் பாத்துட்டு கேனத் தெறந்து வுட்டிருப்பாருன்னு நெனச்சன். அந்த இன்னொருத்தர் அவருதான் மேடம். அதுக்குத்தான் உங்களக் கூப்ட்டன். இப்படி ஒரு கூமுட்டை என் வூட்டுலயே இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எனக்காக வேலைய வுடுவியாடி? பல்லப் பேத்துருவன்."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"ரிசப்ஷன்ல அவரு நிக்கற மேசைக்குப் பின்னாடி பெரிய செவுரு ஒண்ணு இருக்குதாம். படத்த அங்கதான் மாட்டுவாங்களாம். போன மாசமே வெசாரிச்சி வெச்சிட்டன். கெளம்புங்க, மணி ஆவுது."

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ரிசார்ட்டில் நுழைந்தோம். டேனியல் சார் தன் தோணிகளோடு ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். ரிசார்ட் முதலாளியம்மா இரண்டு படத்தையும் மேசையில் விரித்துப் பார்த்தார். தோணிக்கு இரண்டு நிமிடம். தவளக்குப்பத்துக்குக் கால்மணி நேரம். குனிந்து குனிந்து ஹெல்மெட் எண்ணினார் என்று நினைக்கிறேன்.

"கரைஞ்சி போச்சுன்னு சொன்னாங்களே?" என்று டேனியல் சார் எழுந்து வந்தார். தாளின் ஓரத்தைத் தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தார். முன்பக்கத்தையும் பார்த்தார். "அந்தப் பேனாவ நீயே வெச்சிக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் படத்தைச் சுருட்டினார். நாற்பத்தேழு பேனாக்காரரின் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

"இதுதான்" என்றார் முதலாளியம்மா. "நாளைக்கே பிரேம் போடணும். பலராமன்! இங்க வாங்க. உங்க மச்சினிதான், ஜெயிச்சிட்டாங்க. ரிசப்ஷனுக்குப் பின்னாடி செவுத்துல மாட்டிடுங்க. வர்றவங்க கண்ணுல மொதல்ல இதுதான் படணும்."

பலராமன் கழுத்தில் டையும், முகத்தில் விருந்தினர்களுக்கான புன்னகையுமாக வந்தார். நறுக்கிய மீசை. மனைவியைப் பார்த்தார், மச்சினியைப் பார்த்தார், எங்களுக்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு பெருமையாகப் படத்தைப் பார்த்தார். மேல் இடது மூலை, பஸ், பூக்கடை. கண் மெல்லக் கீழே இறங்கி வலது பக்கம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. முகத்தில் இருந்த புன்னகையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அருள்மொழி கைகட்டி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து முடிக்கட்டும் என்கிற மாதிரி.

பலராமன் மேசையில் விருந்தினர்களுக்காக வைத்திருந்த தண்ணீர் ஜாடியை ஓரக்கண்ணால் பார்த்தார். வியாழக்கிழமை கேட்ட செய்தி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரலில் ஒரு சின்ன நம்பிக்கை துளிர்த்தது.

"குமாரி... இது தண்ணி கிண்ணி பட்டா அழிஞ்சிருமில்ல?"

செல்வகுமாரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழியாது மாமா" என்றாள். "பால் பாயிண்ட்டு."